கனவு அணியும் வரலாற்றுப் பாடமும்: மலேசியக் காற்பந்தின் பதினொருவர்



காற்பந்தில் நாட்டமுள்ள நால்வர் ஓரிடத்தில் கூடினால் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. எல்லாக் காலத்திலும் சிறந்த பதினொருவரைக் கொண்டு ஓர் அணியை அமைத்தால் அதில் யார் யாருக்கு இடம் கொடுப்பீர்கள்? இறந்தவர், இருப்பவர், முதியவர், இளையவர் என்னும் வேறுபாடின்றி அனைவரையும் அவரவர் இளமையின் உச்சத்தில் திடலில் நிறுத்தலாம். தேநீர்க் கடையில் பேசித் தீர்க்க வேண்டிய பொழுதுபோக்குப் பேச்சாகவே பலரும் இதனைக் கருதுவர்.

நான் அவ்வாறு கருதவில்லை. வரலாற்றுப் பாடத்தில் நாம் மாணவர்க்குக் கற்பிக்க முயலும் மூன்று திறன்களும் இக்கேள்வியில் அடங்கியுள்ளன: சான்று தேடல், அளவுகோல் அமைத்தல், நடுநிலையோடு தீர்ப்புக் கூறல். ஆகவே, இக்கட்டுரையில் மலேசியாவின் எக்காலத்துக்குமுரிய பதினொருவரை நான் தெரிவு செய்யப்போகிறேன். தெரிவின் முடிவைக் காட்டிலும், தெரிவு செய்யும் முறையே எனக்கு முதன்மையானது.

இரண்டு பட்டியல்கள், நான்கு பெயர்கள்

முதலில் உலக அளவில் நடந்த இரண்டு தெரிவுகளைப் பார்ப்போம். 1998ஆம் ஆண்டு பிரான்சில் உலகக் கிண்ணப் போட்டி தொடங்கிய வேளையில், இருபதாம் நூற்றாண்டின் உலக அணி என்று ஒரு பட்டியல் அறிவிக்கப்பட்டது. காற்பந்துச் செய்தியாளர்கள் வாக்களித்து உருவாக்கிய பட்டியல் அது. யாஷின், கார்லோஸ் அல்பெர்ட்டோ, பெக்கன்பவர், போபி மூர், நில்டன் சாந்தோஸ், பிளாட்டினி, குரைஃப், டி ஸ்டெஃபானோ, கரிஞ்சா, மரடோனா, பெலே ஆகியோர் அதில் இடம்பெற்றனர்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2020ஆம் ஆண்டு டிசம்பரில், பிரெஞ்சுக் காற்பந்து இதழ் ஒன்று மீண்டும் செய்தியாளர்களின் வாக்கைக் கொண்டு ஒரு கனவு அணியை வெளியிட்டது. யாஷின், காஃபு, பெக்கன்பவர், மால்டினி, சாவி, மத்தேயஸ், மரடோனா, பெலே, மெஸ்ஸி, பிரேசிலின் ரொனால்டோ, போர்த்துகலின் கிறிஸ்தியானோ ரொனால்டோ ஆகியோர் அதில் உள்ளனர்.

இரண்டையும் ஒப்பிட்டால் நான்கு பெயர்களே இரண்டிலும் எஞ்சுகின்றன: யாஷின், பெக்கன்பவர், மரடோனா, பெலே. மற்ற எழுவர் நீங்கிவிட்டனர். புதிய ஆட்டக்காரர் தோன்றினால் பழையவர் நீங்குவது இயல்புதானே என்று கேட்கலாம். மெஸ்ஸி, சாவி, கிறிஸ்தியானோ ஆகிய மூவருக்கு அது பொருந்தும். ஆனால், மத்தேயஸ் 1990ஆம் ஆண்டிலேயே மேற்கு ஜெர்மனியின் தலைவராக உலகக் கிண்ணத்தை ஏந்தியவர். மால்டினி 1998இல் புகழின் உச்சத்தில் இருந்தவர். காஃபு 1994இல் உலகக் கிண்ணம் வென்ற பிரேசில் அணியில் இருந்தவர். 1998ஆம் ஆண்டு வாக்காளர்கள் இவர்களை நன்கு அறிந்திருந்தும் தெரிவு செய்யவில்லை.

அவ்வாறாயின், இடைப்பட்ட காலத்தில் மாறியது ஆட்டக்காரர்களின் திறமையன்று. வாக்களித்தோரின் நினைவு மாறியது. கரிஞ்சாவை நேரில் கண்டவர்கள் குறைந்தனர். மால்டினியைத் தொலைக்காட்சியில் கண்டு வளர்ந்தவர்கள் பெருகினர். எழுதப்படாத அளவுகோலைக் கொண்டு தெரிவு செய்தால், அண்மையில் கண்டதே பெரிதாகத் தோன்றும். இது நமக்குக் கிடைக்கும் முதற்பாடம்.

பெயருக்கு முன்னே விதி

ஆகவே, ஒரு பெயரைக்கூட எழுதுவதற்கு முன் விதிகளை எழுதி வைத்தேன்.

முதல் விதி: மலாயா அல்லது மலேசியத் தேசிய அணியின் சீருடையில் செய்த செயல் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். மாநில அணிக்கோ அயல்நாட்டுக் கழகத்துக்கோ ஆற்றிய பணி எவ்வளவு சிறந்ததாயினும் சேராது.

இரண்டாம் விதி: அச்செயல் ஆண்டு குறித்துச் சொல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். கிண்ணம், பதக்கம், தகுதி பெற்ற போட்டி, பதிவான ஆட்டங்களின் எண்ணிக்கை ஆகியவை சான்றாகும். "அவர் ஆடினால் திடலே அதிரும்" என்பது சான்றாகாது.

மூன்றாம் விதி: இனத்துக்கு இத்தனை இடம், மாநிலத்துக்கு இத்தனை இடம் என்னும் பங்கீடு கிடையாது.

இந்த மூன்றாம் விதியை எழுதும்போது எனக்குத் திருக்குறளின் அதிகார வரிசை நினைவுக்கு வந்தது. 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். அதன் பின்னரே 53ஆவதாகச் சுற்றந்தழால் வருகிறது. ஆராய்ந்து தேர்வதையும் தேர்ந்தவரிடம் வினையை ஒப்படைப்பதையும் கூறிய பிறகே சுற்றத்தாரைத் தழுவிக்கொள்ளும் பேச்சு வருகிறது. அன்பையே பற்றுக்கோடாகக் கொண்டு ஆளைத் தேர்வதனால் வரும் கேட்டையும் தெரிந்துதெளிதல் எடுத்துரைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத் தயங்கும் உண்மை இது. நம்மவர் என்பதற்காக ஒருவரை உயர்த்தினால், அவர் உண்மையாகவே உயர்ந்தவராக இருந்தாலும் பிறர் நம்ப மாட்டார்கள்.

கோல்காவலர்: கடினமான தெரிவு

இந்த விதிகளுக்கு முதற்சோதனை கோல் கம்பங்களுக்கிடையிலேயே வந்துவிட்டது. அங்கே இருவர் நிற்கிறார்கள்.

ஒருவர் ஈப்போவைச் சேர்ந்த சௌ சீ கியோங். 1966 முதல் 1970 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஆசிய நட்சத்திர அணியின் கோல்காவலராகத் தெரிவு செய்யப்பட்டவர். பின்னர் ஹாங்காங் சென்று தொழில்முறை ஆட்டக்காரராகப் புகழ்பெற்றார். 2018ஆம் ஆண்டு மறைந்தார்.

மற்றொருவர் கிள்ளான் துறைமுகப் பகுதியில் பிறந்த ஆர்.ஆறுமுகம். நீண்ட கைகளை உடையவராதலால் "ஸ்பைடர்மேன்" என்று அழைக்கப்பட்டார். 1970களின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் தேசிய அணியின் கோலைக் காத்தார். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு மலேசியா தகுதி பெற்றபோது கம்பங்களுக்கிடையே நின்றவர் அவரே. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் சாலை விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 35.

தமிழ்ப்பள்ளி ஆசிரியரான என் மனம் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனாலேயே இருவர் பெயரையும் மூடிவிட்டு, "அ" என்றும் "ஆ" என்றும் இரண்டு தாள்களில் செயல்களை மட்டும் எழுதிப் பார்த்தேன். ஆசியாவின் மதிப்பை ஐந்து முறை பெற்றவர் "அ". தேசியச் சீருடையில் நெடுங்காலம் நின்று, நாட்டை ஒலிம்பிக் வாயில் வரை கொண்டு சென்றவர் "ஆ". முன்னரே எழுதிய முதல் விதியின்படி "ஆ" தெரிவாகிறார். ஆறுமுகம் உள்ளே வருகிறார்.

"ஆசிய அளவில் பெற்ற மதிப்பே அளவுகோல்" என்று விதி எழுதியிருந்தால் சௌ சீ கியோங்கே வந்திருப்பார். அதனை மறுக்க எவராலும் இயலாது. விதியை மாற்றினால் விடை மாறும். அதில் குற்றமில்லை. பெயரைப் பார்த்த பிறகு விதியை மாற்றுவதே குற்றம்.

தற்காப்பு அரண்

சோ சின் ஆனைச் சேர்க்காத மலேசியப் பட்டியலை எவரும் ஏற்க மாட்டார். அலோர் ஸ்டாரில் பிறந்து, சபா மாநிலத்துக்கு ஆடி, தேசிய அணியின் தலைவராக விளங்கியவர். அவர் ஆடிய ஆட்டங்கள் எத்தனை? உலகக் காற்பந்துச் சம்மேளனம் ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 195. நம் நாட்டில் பலகாலம் சொல்லப்பட்ட எண்ணிக்கையோ 250ஐத் தாண்டும். இவற்றுள் எது பொய்?

இரண்டும் பொய்யல்ல. கழக அணிகளுடனும் இரண்டாம் நிலைத் தேசிய அணிகளுடனும் ஆடிய ஆட்டங்களைச் சேர்த்து எண்ணினால் ஒரு தொகை; இரு நாடுகளின் முதன்மை அணிகள் மோதிய ஆட்டங்களை மட்டும் எண்ணினால் வேறொரு தொகை. எண்ணைக் கேட்பதற்கு முன் எண்ணிய முறையைக் கேட்க வேண்டும் என்பதை மாணவர்க்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சோ சின் ஆனுக்குத் துணையாக சந்தோக் சிங். இவ்விருவரும் இணைந்து நின்ற நடுத்தற்காப்பு, 1977இல் கோலாலம்பூரிலும் 1979இல் ஜகார்த்தாவிலும் மலேசியா சீ விளையாட்டுப் போட்டித் தங்கம் வென்ற காலத்தின் அரணாகும். 1980ஆம் ஆண்டு தகுதிச் சுற்றிலும் இவர்களே தூண்கள்.

மற்ற இரு தற்காப்பு இடங்களை எம்.சந்திரனுக்கும் நாமாட் அப்துல்லாவுக்கும் கொடுக்கிறேன். இருவரும் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய அணியினர். மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் ஆடியது அந்த ஒரு முறைதான். அங்கே மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்று தோற்றோம்; அமெரிக்காவை 3-0 என்று வென்றோம்; மொரோக்கோவிடம் 0-6 என்று தோற்றோம். அமெரிக்காவை ஒலிம்பிக்கில் மூன்று கோல் வேறுபாட்டில் வென்ற நாடு நம் நாடு என்று சொன்னால் இன்றைய மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். 0-6 என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வென்றதை மட்டும் சொல்வது விளம்பரம். இரண்டையும் சொல்வதே வரலாறு.

நடுத்திடல்

பினாங்கின் சுக்கோர் சாலே நடுத்திடலின் முதல் தெரிவு. 1970களின் பொற்காலம் நெடுகிலும் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானித்தவர். 1973, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் மலேசியா மெர்டேக்கா கிண்ணத்தை வென்றது. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் பெற்றது. அவருக்குப் பக்கத்தில் சிலாங்கூரின் வோங் சூன் வா. இவரும் மியூனிக் அணியைச் சேர்ந்தவர்.

மூன்றாமவர் அப்துல் கனி மின்ஹாட். "ராஜா போலா", அதாவது காற்பந்தின் அரசர் என்று மக்கள் கொண்டாடிய இவர், நெகிரி செம்பிலானின் ரந்தாவில் 1935இல் பிறந்தவர். தாக்குதல் ஆட்டக்காரராயினும், அக்கால அமைப்பில் சற்றுப் பின்தங்கி நின்று ஆட்டத்தை வளர்ப்பவர் என்பதால் நடுத்திடலுக்கும் முன்வரிசைக்கும் இடையில் நிறுத்துகிறேன்.

நாடு விடுதலை பெற்ற 1957இல், பிரதமராகவும் காற்பந்துச் சங்கத் தலைவராகவும் இருந்த துங்கு அப்துல் ரஹ்மானின் முயற்சியால் மெர்டேக்கா போட்டி தொடங்கியது. விடுதலை முழக்கம் ஒலித்த அதே மெர்டேக்கா அரங்கத் திடலில், 1958இலும் 1959இலும் மலாயா கிண்ணத்தை வென்றது. 1960இல் தென் கொரியாவுடன் பகிர்ந்துகொண்டது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலமும் பெற்றது. புதிய நாடு ஒன்று தன்னைத் தானே நம்பத் தொடங்கிய ஆண்டுகள் அவை. அந்த நம்பிக்கையின் முகமாக விளங்கியவர் கனி. 2012இல் அவர் மறைந்தபோது, அவர் ஆடியதைக் கண்டவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. அண்மையில் கண்டதையே பெரிதென்று எண்ணும் பட்டியலில் முதலில் நீங்கும் பெயர் இவருடையதாகவே இருக்கும். விதியை முன்னரே எழுதியதால் அவர் நீங்கவில்லை.

முன்வரிசை

மொக்தார் டஹாரியைப் பற்றி ஐயமே இல்லை. 1953இல் செத்தாப்பாக்கில் பிறந்து "சூப்பர்மொக்" என்று போற்றப்பட்டவர். பன்னாட்டு ஆட்டங்களில் 89 கோல்கள் என்று பதிவாகியுள்ளது. 1978இல் கோலாலம்பூருக்கு வந்த இங்கிலாந்தின் "பி" அணியுடன் 1-1 என்று சமநிலை கண்ட ஆட்டத்தில், மலேசியாவின் கோலைப் புகுத்தியவர் அவரே. 1991இல் நரம்புத்தசை நோயால் 37ஆம் வயதில் மறைந்தார்.

இவரைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலில் சொல்வது 1975ஆம் ஆண்டின் ஆர்செனல் ஆட்டத்தையே. அந்த ஆங்கிலக் கழகத்தைச் சிலாங்கூர் அணி 2-0 என்று வென்றது. இரு கோல்களும் மொக்தாருடையவை. ஆனால், அது சிலாங்கூர் அணியின் சீருடை. முதல் விதி அதனைச் சேர்க்காது. அதை நீக்கிய பிறகும் மொக்தாரே முதல்வராக நிற்கிறார். இதுவே அவருடைய பெருமைக்குச் சான்று.

ஒரு பக்கத்தில் சபாவின் ஹசான் சானி. 1980 ஏப்ரல் 6ஆம் நாள் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவுக்கு எதிரான தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம். ஹசான் சானி கொடுத்த பந்தை மற்றொரு சபா ஆட்டக்காரரான ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றது.

மறுபக்கத்தில் சாஃபி சாலி. 2010ஆம் ஆண்டு தென்கிழக்காசியக் காற்பந்து வெற்றியாளர் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றபோது, ஐந்து கோல்களுடன் போட்டியின் முதன்மைக் கோல்வீரராகத் திகழ்ந்தவர். இந்தோனேசியாவுக்கு எதிரான இறுதிச் சுற்றின் இரு ஆட்டங்களில் மட்டும் மூன்று கோல்கள். பழையதே சிறந்தது என்று எண்ணுவோருக்கு இத்தெரிவு உவக்காமல் போகலாம். சான்று உவப்பைப் பார்ப்பதில்லை.

வெளியே நிற்பவர்கள்

பட்டியலின் நேர்மையை அறிய, உள்ளே இருப்பவர்களைவிட வெளியே நிற்பவர்களைப் பாருங்கள். 1960களில் நாட்டின் முன்வரிசையில் ஆடிய என்.தனபாலன் என் பட்டியலில் இல்லை. எழுதும்போது எனக்கு வருத்தமே. 1980களில் ஜெர்மனியின் ஹெர்த்தா பெர்லின் கழகத்துக்குச் சென்று ஆடிய லிம் தியோங் கிம் இல்லை. அயல்நாட்டுக் கழகச் சிறப்பை முதல் விதி ஏற்கவில்லை. ஜேம்ஸ் வோங்கும், 1989ஆம் ஆண்டு சீ விளையாட்டுத் தங்கம் பெற்ற தலைமுறையின் சைனால் அபிடின் ஹசான், டோலா சாலே ஆகியோரும் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் அமர்கிறார்கள். ஆறுமுகத்தை உள்ளே கொணர்ந்த அதே விதிதான் தனபாலனை வெளியே நிறுத்தியது. ஒரு விதி நமக்கு இனிக்கும்போது மட்டும் விதியாக இருக்க முடியாது.

பயிற்றுநராகக் கே.ராஜகோபால். 2009இல் லாவோசில் சீ விளையாட்டுத் தங்கம், இருபது ஆண்டுகள் கழித்து. அடுத்த ஆண்டே தென்கிழக்காசியக் கிண்ணம். இரண்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு வெற்றிகள். இங்கும் பெயரை மூடிப் பார்த்தேன், விடை மாறவில்லை.

ஆக, என் பதினொருவர்: ஆறுமுகம், சந்திரன், சந்தோக் சிங், சோ சின் ஆன், நாமாட் அப்துல்லா, சுக்கோர் சாலே, வோங் சூன் வா, கனி மின்ஹாட், ஹசான் சானி, மொக்தார் டஹாரி, சாஃபி சாலி.

பங்கீடு கிடையாது என்று விதி எழுதித் தொடங்கினேன். முடிவில் பார்த்தால் இந்நாட்டின் பல இனத்தாரும் தீபகற்பத்தாரும் சபா மாநிலத்தாரும் அதில் நிற்கின்றனர். இதை நான் அமைக்கவில்லை. அக்காலத் தேசிய அணி அவ்வாறு இருந்தது. சான்று அதனைக் காட்டுகிறது.

நடக்காத போட்டியும் மறைந்த பெயரும்

மாஸ்கோவுக்குத் தகுதி பெற்ற அந்த அணி மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. நமக்குரிய இடத்தில் ஈராக் ஆடியது. ஒலிம்பிக் ஏடுகளைப் புரட்டினால் ஆறுமுகத்தின் பெயரோ ஹசான் சானியின் பெயரோ 1980ஆம் ஆண்டின் கீழ்க் கிடைக்காது. தோற்றவர்களுக்குக்கூட ஏட்டில் இடமுண்டு. வென்றும் அனுப்பப்படாதவர்களுக்கு இல்லை.

அந்நிகழ்வைத் தழுவி 2016இல் "ஓலா போலா" என்னும் திரைப்படம் வந்தது. அதில் கோல்காவலராக வரும் பாத்திரத்தின் பெயர் முத்து. முத்துவை அறிந்த மாணவர்கள் பலர் உண்டு. ஆறுமுகத்தை அறிந்தவர் சிலரே. திரைப்படத்தைக் குறைகூறவில்லை, கற்பனை தன் கடமையைச் செய்தது. அந்தக் கற்பனைக்குப் பின்னே ஓர் உண்மையான மனிதர் இருந்தார் என்று சொல்வது நம் கடமை.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆண்டு 4 முதல் வரலாறு கற்கும் மாணவர்களுக்கு இதனை எளிதாக நடத்தலாம். முதலில், குழுவாக அமர்ந்து விதிகளை எழுதி ஆசிரியரிடம் ஒப்படைக்கட்டும். அடுத்து, ஆட்டக்காரர்களின் செயல்களைப் பெயரின்றி அட்டைகளில் எழுதிக் கொடுங்கள். தெரிவு முடிந்த பிறகே பெயர்களைத் திறந்து காட்டுங்கள். "ஐயோ, இவரையா விட்டுவிட்டோம்!" என்னும் குரல் கட்டாயம் எழும். அப்போது விதியை மாற்ற இடம் கொடாதீர்கள். ஏன் அவ்விதியை எழுதினோம் என்று பேசச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு பங்குண்டு. தாத்தா பாட்டி மெர்டேக்கா அரங்கத்தில் கண்ட ஆட்டமொன்றைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும். பின்னர் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் உள்ள பழைய நாளிதழ்களில் அந்த ஆட்டத்தைத் தேடிப் பார்க்க உதவுங்கள். தாத்தா சொன்ன கோல் எண்ணிக்கையும் நாளிதழின் எண்ணிக்கையும் வேறுபடக்கூடும். தாத்தா பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. நினைவும் சான்றும் வெவ்வேறு என்பதைப் பிள்ளை அன்று தெரிந்துகொள்ளும்.

இப்பட்டியலும் நிலையானதன்று. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் மலேசியா தென் கொரியாவுடன் 3-3 என்று சமநிலை கண்டது. அந்தத் தலைமுறையினர் நாளை இந்தப் பதினொருவருள் ஓர் இடம் கேட்டு வரலாம். வரட்டும். யாரை நீக்கி யாரைச் சேர்ப்பது என்பதை அன்றைய மாணவர்கள் முடிவு செய்யட்டும். பெயரைப் பார்ப்பதற்கு முன் விதியை எழுதி வைக்க மட்டும் நாம் இன்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவோம்.